இரு நாட்டுக்கு ஆடியவர்

ஒருவர் இரண்டு நாடுகளின் பெயரால் பந்தாடலாமா? வினா சிறியது, விளையாட்டுப் பக்கத்துக்கு உரியதென்று ஒதுக்கிவிடத் தக்கது போலவும் தோன்றுவது. ஆயினும் அதனுள்ளே வேறொரு வினா ஒளிந்து கிடக்கிறது. ஒரு மனிதனை இன்ன நாட்டினன் என்று தீர்மானிப்பது எது? பிறந்த மண்ணா, பெற்றோரின் குருதியா, வாழ்ந்து உழைத்த இடமா, அன்றி அலுவலக மேசையிலிருந்து வெளிவரும் ஒரு தாளா? இந்த வினாவைக் கேட்பதற்குப் புசல்லாவை பொருத்தமான ஊர் என்றே நாம் கருதுகிறோம். கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில், நாற்புறமும் தேயிலை சூழ அமைந்த இச்சிறு பட்டினத்தைச் சுற்றியுள்ள லயங்களில், தாம் எந்த நாட்டவர் என்பதற்கு விடை கிடைக்காமலே கண்ணை மூடிய ஒரு பாட்டனோ பாட்டியோ இல்லாத குடும்பம் அரிது.

எனினும் முதலில் நாம் சொல்லப்போவது வேறொரு தீவின் கதை.

ஜோன் ரெனோல்ட்ஸ் என்பவர், ஜாக் என்று அழைக்கப்பட்டவர், 1869ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிளாக்பேர்ண் நகரில் பிறந்தார். பஞ்சாலைகளின் புகை மண்டிய நகர் அது. பிள்ளைப் பருவத்தின் ஒரு பகுதியை அயர்லாந்தில் கழித்துவிட்டுப் பதினைந்து வயதளவில் பிறந்த ஊருக்குத் திரும்பினார்; சிறு கழகங்களில் உதைபந்தாடினார்; பின்னர் அக்காலத்து ஏழை இளைஞர் பலரையும் போலப் படையிற் சேர்ந்தார். அவர் சேர்ந்த கிழக்கு லங்காஷயர் படைப்பிரிவு 1886ஆம் ஆண்டின் இறுதியில் அயர்லாந்துக்கு அனுப்பப்பட்டது. அந்த ஆண்டை நாம் சற்று நினைவிற் கொள்ள வேண்டும். அயர்லாந்தின் குடியானவர்கள் நிலவுரிமைக்காகவும் தன்னாட்சிக்காகவும் கிளர்ந்தெழுந்திருந்த காலம் அது. இலண்டன் பாராளுமன்றத்தில் தன்னாட்சி மசோதா தோற்கடிக்கப்பட்டதும் அதே 1886இல்தான். ஆள்வோரின் படையில் ஒரு சிப்பாயாக, ஆளப்படுவோரின் நாட்டில் ரெனோல்ட்ஸ் கால் வைத்தார்.

அங்கே அவருடைய கால்கள் துப்பாக்கியினும் மேலான வேலைக்கு உரியன என்பதை பெல்பாஸ்ட் நகரத்துக் கழகங்கள் கண்டுகொண்டன. டிஸ்டில்லரி என்னும் கழகத்துக்கு ஆடினார். பின் அல்ஸ்டர் என்னும் கழகத்துக்கு ஆடினார். 1890, 1891ஆம் ஆண்டுகளில் அயர்லாந்து நாட்டணியின் சார்பில் ஐந்து ஆட்டங்களில் இறங்கினார். 1890 மார்ச் 15ஆம் நாள் பெல்பாஸ்டில் இங்கிலாந்தும் அயர்லாந்தும் மோதின. இங்கிலாந்து ஒன்பது கோல்கள் அடித்தது, அயர்லாந்து ஒன்று. அந்த ஒன்றை அடித்தவர் பிளாக்பேர்ணில் பிறந்த ரெனோல்ட்ஸ்.

1891இல் வெஸ்ட் புரொம்விச் அல்பியன் கழகம் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துக்கொண்டது. அவர் ஆங்கிலேயர் என்பதும் வெளிப்பட்டது. அடுத்த ஆண்டு வசந்தத்தில் அக்கழகம் இங்கிலாந்துக் கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் அஸ்டன் வில்லாவை மூன்றுக்குப் பூச்சியமென வென்றபோது ஒரு கோல் அவருடையது. அதே 1892 ஏப்ரலில் ஸ்கொட்லாந்துக்கு எதிராக அவர் இங்கிலாந்தின் சட்டையை அணிந்தார். 1897 வரையில் இங்கிலாந்துக்காக எட்டு ஆட்டங்கள், மூன்று கோல்கள். தன் வலைக்குள் தானே பந்தைச் செலுத்தியோரை விடுத்துப் பார்த்தால், இங்கிலாந்துக்கு எதிராகவும் இங்கிலாந்துக்காகவும் கோல் அடித்தவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. இடையே அஸ்டன் வில்லாவுக்கு மாறி, 1894, 1896, 1897 ஆகிய மூன்று ஆண்டுகள் லீக் வெற்றியிலும், 1895, 1897 ஆகிய ஈராண்டுகள் கிண்ண வெற்றியிலும் பங்குகொண்டார்.

இவ்வளவு புகழும் ஈட்டிய மனிதரின் இறுதிக்காலம் என்ன? செல்டிக் முதலிய கழகங்களில் ஆடி, கால் தளர்ந்தபின் அங்குமிங்கும் பயிற்சியாளராக இருந்து, கடைசியில் ஷெஃபீல்ட் நகரில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியாக வாழ்ந்து, 1917ஆம் ஆண்டு தம் 48ஆவது வயதில் மறைந்தார். பஞ்சாலை நகரில் தொடங்கிப் படைமுகாம் வழியாக மைதானத்துக்கு வந்து, சுரங்கத்தில் முடிந்த வாழ்வு.

இக்கதையைக் கேட்போர் முதலிற் சொல்லக்கூடியது, 'உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவர்' என்பதாகவே இருக்கும். அயர்லாந்து அவரை ஏற்றது, ஆடவைத்தது. அவரோ அடுத்த ஆண்டே அதை ஆள்வோரின் அணியில் நின்றார். குற்றச்சாட்டு வலுவானது போலத் தோன்றினும், அதனை நிறுத்துப் பார்க்குமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரெனோல்ட்ஸ் ஆடிய அந்த 'இரு நாடுகள்' அப்போது இரு அரசுகள் அல்ல. அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் ஒரே முடி, ஒரே பாராளுமன்றம், ஒரே படை. கடலைக் கடந்தபோது அவர் எந்தக் கடவுச்சீட்டையும் நீட்டவில்லை. உதைபந்தாட்டச் சங்கங்கள் மட்டுமே தனித்தனியாக இருந்தன. எல்லைக்கோடு மைதானத்தில் இருந்ததே தவிர நிலத்தில் இல்லை. நிலத்தின் மீது கோடு விழுந்தது 1921இல். அப்போது ரெனோல்ட்ஸ் உயிரோடு இல்லை.

கோடு விழுந்தபின்னும் பந்து சிலகாலம் அதனை மதிக்கவில்லை என்பது சுவையான செய்தி. பெல்பாஸ்டிலும் டப்ளினிலும் இரண்டு சங்கங்கள் அமைந்து, இரண்டும் தம்மை அயர்லாந்து என்றே அழைத்துக்கொண்டு, 1950 வரையில் ஒரே ஆட்டக்காரரைத் தத்தம் அணிக்கு எடுத்து வந்தன. 1946 செப்டம்பர் 28ஆம் நாள் பெல்பாஸ்ட் அயர்லாந்துக்கும், 30ஆம் நாள் டப்ளின் அயர்லாந்துக்குமாக, இரு முறையும் இங்கிலாந்தை எதிர்த்து ஆடினார் ஜோனி கேரி. மூன்று நாளுக்குள் இரண்டு நாடுகள்! இரண்டிலும் தோல்வியே. ஆனால் அவரைத் துரோகி என்று எந்தத் தரப்பும் சொல்லவில்லை. நாடு பிரிந்ததேயன்றி மனிதர் பிரியவில்லை என்பது பார்த்த எவருக்கும் விளங்கிற்று.

இங்கேதான் நம் மலைகளின் கதை வந்து சேருகிறது. புசல்லாவைப் பகுதியில் முதலிற் கோப்பித் தோட்டங்களும், கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களும் எழுந்தன. அவற்றுக்கு வேண்டிய கைகள் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் ஆகிய சீமைகளிலிருந்து கங்காணிமார் வழியாகக் கொண்டுவரப்பட்டன. பாக்கு நீரிணையைக் கடந்த அந்த மக்கள் ஒரு நாட்டைவிட்டு மறுநாட்டுக்குப் போனார்களா? அவர்களைப் பொறுத்தவரையில் வெள்ளைக்காரத் துரையின் ஆட்சியிலிருந்து வெள்ளைக்காரத் துரையின் ஆட்சிக்கே வந்தார்கள். ரெனோல்ட்ஸைக் கப்பலேற்றிய அதே முடியரசுதான் அவர்களையும் தோணியேற்றியது. அவர் படைப்பிரிவோடு ஐரிஷ் கடலைக் கடந்தார். இவர்கள் கங்காணியின் கடன் துண்டோடு இந்தக் கடலைக் கடந்தார்கள். அரசின் தேவை மனிதரை நகர்த்திற்று. எல்லை பிற்பாடு வந்தது.

அந்த எல்லை எவ்வாறு வந்தது என்பதை இவ்வேட்டின் வாசகர் அறிவர். எனினும் விதியின் உள்ளமைப்பை ஒரு முறை நோக்குவோம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, அன்று வரையில் இம்மண்ணிற் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரஜையாக ஏற்கப்படுவதற்கு அவர் இங்கு பிறந்தது மட்டும் போதாது. அவர் தந்தையும் இங்கு பிறந்திருக்க வேண்டும். அன்றேல் தந்தையின் தந்தையும் அவருடைய தந்தையும் இங்கு பிறந்திருக்க வேண்டும். தாய்வழி கணக்கிலேயே இல்லை. கொழுந்து பறிக்கும் கைகளிற் பெரும்பாலானவை பெண்களின் கைகளாயிருந்த மலைநாட்டில், பெண்ணின் பிறப்பை எண்ணாத சட்டம் எழுதப்பட்டது. லயத்து அறையில் பிறந்தவர்களிடம் மூன்று தலைமுறையின் தாள்களைக் கேட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. பதிவு பெற்றோர் ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவே. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸின் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒருவரையும் அனுப்ப முடியாத நிலையில் இருந்தனர்.

இனி ரெனோல்ட்ஸிடம் மீள்வோம். அவர் செய்தது இரண்டகமா?

அறம் பற்றிய எந்தத் தீர்ப்பும் தெரிவு எங்கே இருந்தது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். அயர்லாந்துக்கு அவர் தாமாகப் போகவில்லை, படை அனுப்பியது. அயர்லாந்து அணிக்கு அவர் விண்ணப்பிக்கவில்லை. நன்றாக ஆடுபவர் ஒருவரை அங்குள்ளோர் விரும்பினர். இங்கிலாந்துக்குத் திரும்பியது கூலிக்காக. இங்கிலாந்தில் ஆட்டக்காரருக்குக் கூலி கொடுப்பது 1885இலேயே சட்டபூர்வமாகியிருந்தது. உழைப்பை விற்று உண்ணும் ஒருவர், கூடுதலாகக் கொடுக்கும் இடத்துக்குப் போனதைக் குறைகூறுவோர், கூலியின் மேல் வாழ்ந்தறியாதவராகவே இருப்பர். அணி மாறியதற்காக அவரைத் தண்டிக்காத சங்கங்களும் கருணையால் அவ்வாறு செய்யவில்லை. வேண்டும்போது வதிவிடம் அவரை ஐரிஷ்காரர் ஆக்கியது; வேண்டும்போது பிறப்பு அவரை ஆங்கிலேயர் ஆக்கியது. விதி ஆட்டக்காரரின் பின்னால் ஓடிற்று.

ஆனால் இதனோடு நிறுத்திக்கொண்டால் நாம் எளிதான பாதையிற் போனவராவோம். ஏனெனில், நாட்டுப்பற்று என்பது வெறும் கூலிப் பேரமே என்ற முடிவுக்கு இது இட்டுச்செல்லும். அது உண்மையன்று. 1971ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள், வங்கத்தின் நதியா மாவட்டத்துக் கிருஷ்ணநகரில், 'சுதந்திர வங்காள உதைபந்தாட்ட அணி' என்ற பெயரோடு சில இளைஞர் மைதானத்துள் இறங்கினர். அவர்களுள் சிலர் முன்பு பாகிஸ்தானின் சட்டையை அணிந்தவர்கள். இப்போது, உலகில் எந்த அரசும் அங்கீகரித்திராத ஒரு கொடியை ஏந்தி மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். இந்திய அரசே அந்த நாட்டை அன்று ஏற்றிருக்கவில்லையாகையால், கொடியேற்ற இடங்கொடுத்த மாவட்ட அதிகாரி பதவியிலிருந்து இடைநிறுத்தப்பட்டார். ஆட்டங்களிற் சேர்ந்த பணம் விடுதலைப் போர் நிதிக்குப் போயிற்று. இவர்களும் இரு நாட்டுக்கு ஆடியவர்களே. ஆயினும் இவர்களைக் கூலியாட்கள் என்று எவர் சொல்வார்? இவர்கள் ஒரு நாட்டைத் தேடிப் போனவர்கள். ரெனோல்ட்ஸையோ நாடுகள் தேடி வந்தன.

தேடி வரும் நாட்டின் அன்பு எத்தன்மையது என்பதற்கு இத்தாலியைப் பார்க்க வேண்டும். முசோலினியின் ஆட்சியில், ஆர்ஜென்டீனாவிற் பிறந்த இத்தாலிய வம்சத்தவரைக் 'குருதியால் நம்மவர்' என்று கூறி அழைத்து ஆடவைத்தனர். லூயிஸ் மொன்டி 1930ஆம் ஆண்டு உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் ஆர்ஜென்டீனாவுக்காகவும், 1934ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் இத்தாலிக்காகவும் ஆடினார். முன்னதில் தோல்வி, பின்னதில் வெற்றி. அதே 1934 அணியில் என்ரிக்கே குவைட்டா என்பவரும் இருந்தார். மறு ஆண்டு எத்தியோப்பியா மீது படையெடுப்புக்கு ஆயத்தம் நடந்தபோது, தம்மைப் போர்க்களத்துக்கு அனுப்பிவிடுவர் என்று அஞ்சி, அவரும் வேறிருவரும் உரோமாபுரியிலிருந்து பிரான்சுக்கு ஓடினர். கோல் அடிக்கும்போது நம் குருதி என்று கொண்டாடிய அரசு, அந்தக் குருதியைச் சிந்தும்படியும் கேட்கும் என்பதை அவர்கள் மறு ஆண்டிலேயே கண்டுகொண்டார்கள். குருதி என்னும் சொல்லை அரசியலில் கேட்கும்போதெல்லாம் நமக்குக் குவைட்டாவின் ஓட்டம் நினைவுக்கு வருவதுண்டு.

நம் துணைக்கண்டத்தில் உதைபந்தைவிடத் துடுப்பே இவ்வினாவை வெளிப்படையாக எழுப்பிற்று. 1947இல் நாடு பிளவுண்டபோது அப்துல் ஹபீஸ் கர்தார், குல் முகம்மது, அமீர் இலாஹி ஆகிய மூவர் இந்தியாவுக்கும் பின் பாகிஸ்தானுக்கும் டெஸ்ட் ஆட்டம் ஆடினர். இவர்களுள் அமீர் இலாஹியின் கதை சற்று நின்று கேட்கத் தக்கது. 1947 டிசம்பரில், பிரிவினை நிகழ்ந்து நான்கு மாதங்களே ஆன நிலையில், சிட்னி மைதானத்தில் இந்தியாவின் சார்பில் அவுஸ்திரேலியாவை எதிர்த்து ஒரே ஒரு டெஸ்ட் ஆடினார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1952இல், நாற்பத்து நான்கு வயதில், பாகிஸ்தான் அணியோடு இந்தியாவுக்கு வந்தார். சென்னைச் சேப்பாக்கத்தில் கடைசி ஆட்டக்காரராக இறங்கி, சுல்பிகார் அகமதுவோடு சேர்ந்து 104 ஓட்டங்கள் குவித்தார். அவற்றுள் 47 அவருடையவை. எந்த அணிக்காகச் சிட்னியில் ஆடினாரோ அந்த அணியைச் சென்னை வெயிலில் அலைக்கழித்தார். குல் முகம்மதுவோ 1947 மார்ச்சில் விஜய் ஹஸாரேயோடு சேர்ந்து பரோடாவுக்காக 577 ஓட்டங்கள் சேர்த்தவர். ஒரு கிறிஸ்தவரும் ஒரு முஸ்லிமும் பஞ்சாபும் வங்கமும் எரிந்துகொண்டிருந்த அந்நாட்களில் ஒருவர் ஓட்டத்தை மற்றவர் நம்பி ஓடிக்கொண்டிருந்தனர். கோடு கிழித்தவர் எவரும் அவர்களைக் கேட்டுக் கிழிக்கவில்லை.

அண்மையில் நம் வகுப்பறையிலும் இவ்வினா எழுந்தது. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஆட்டம் நடக்கவிருந்த ஒரு நாளில், பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "நாங்கள் எந்தப் பக்கம், சேர்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது, ஆனால் விடைக்குக் காத்தும் இருந்தது. "உனக்குப் பிடித்த பக்கம்" என்றோம். அவனுக்கு அது போதவில்லை. "பிடித்ததைச் சொன்னால் ஆட்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்களே" என்றான். அவன் கேட்டது ஆட்டத்தைப் பற்றியன்று என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கிற்று. தாங்கள் கைதட்டுவதை யார் கவனிக்கிறார்கள் என்பதே அவன் கவலை. பெரும்பான்மையைச் சேர்ந்த ஒரு பிள்ளை பிரேசிலுக்குக் கைதட்டினால் அது ரசனை. மலையகத்துப் பிள்ளை இந்தியாவுக்குக் கைதட்டினால் அது சாட்சியம். 1990ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பழமைக் கட்சிப் பிரமுகர் நோர்மன் டெபிட், அங்கு குடியேறிய ஆசிய மக்கள் கிரிக்கெட்டில் எந்த அணியை ஆதரிக்கிறார்கள் என்பதை விசுவாசத்தின் உரைகல்லாக வைக்கலாமென்ற கருத்தை வெளியிட்டார். ஆங்கிலேயர் ஒருவர் ஸ்கொட்லாந்துக்குக் கைதட்டினால் என்னவென்று அவர் கேட்கவில்லை. ஏற்கெனவே ஐயத்துக்கு உள்ளானோரிடமே உரைகல் நீட்டப்படுகிறது.

இதற்கு விடையாக நம்மவர் ஒருவரை முன்னிறுத்துவது வழக்கம். முத்தையா முரளிதரன் கண்டியிற் பிறந்தவர். தேயிலைத் தோட்டத்துக்கு வந்த ஒரு பாட்டனின் பேரர். டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகளை வீழ்த்தியவர். 800ஆவது விக்கெட்டை 2010ஆம் ஆண்டு காலியில் இந்தியாவுக்கு எதிராகவே எடுத்தார். 'இதைவிட என்ன சான்று வேண்டும்?' என்று கேட்போர் உண்டு. பெருமைக்குரிய செய்திதான், நாமும் அதில் மகிழ்ந்தவர்களே. ஆனால் அதனைச் சான்றாக நீட்டுவதில் ஓர் ஆபத்து உண்டு. ஒரு மக்களின் உரிமைக்கு 800 விக்கெட் சான்றானால், நூறு விக்கெட்டோடு நின்றவனின் குடும்பத்துக்கு எட்டில் ஒரு பங்கு உரிமையா? ஒரு விக்கெட்டும் எடுக்காதவனுக்கு? திறமைக்குக் கூலியாக வழங்கப்படும் உரிமை ரெனோல்ட்ஸுக்குக் கிடைத்த உரிமையைப் போன்றது. கால் ஓடும்வரை இரண்டு நாடுகள் அவரைக் கேட்டன. கால் ஓய்ந்ததும் சுரங்கம் ஒன்றே அவரைக் கேட்டது.

இந்த இடத்தில் முற்போக்கு முகாமில் நாம் அடிக்கடி கையாளும் ஒரு வாதத்தையும் தொட்டுத்தான் ஆகவேண்டும். 'இந்த மலைகளுக்கு எங்கள் வியர்வையை ஊற்றினோம். தேயிலைக்கு உரமாகிப் போனோம். ஆகவே இந்த நாடு எங்களுடையது' என்கிறோம். மேடையில் இதனைச் சொல்லும்போது கூட்டம் எழுந்து நிற்கும். சொல்லப்பட்டது முழுவதும் உண்மை. இந்த நாட்டின் பாடசாலைகளும் பாதைகளும் எவருடைய கொழுந்துக் கூடையிலிருந்து எழுந்தன என்பதை மறுக்கவும் முடியாது. எனினும் 'ஆகவே' என்ற அந்தச் சொல் நம்மை உறுத்துகிறது. உழைத்தோர்க்கே உரிமை என்றால், உழைக்கத் தொடங்குமுன்பே லயத்தில் மாண்ட குழந்தை எந்த நாட்டினது? பிறவியிலேயே கை விளங்காத பெண் எந்த நாட்டினள்? பெயர்ப் பதிவிலிருந்து நீக்கப்பட்டு, தோட்டத்தின் கணக்கில் 'உதவாதவர்' ஆகிவிட்ட கிழவர்? தோட்டத் துரையும் இதே அளவுகோலைத்தான் வைத்திருந்தார்: பெரட்டுக்கு வந்தவன் மனிதன், வராதவன் செலவு. பயன்பட்டதற்காக ஏற்றுக்கொள்ளுமாறு கேட்பவன், பயன்படாத நாளில் தன்னைத் தள்ளிவைக்கும் உரிமையையும் மறுதரப்புக்குக் கொடுத்துவிடுகிறான். வியர்வைக்கு நியாயமான கூலி கேட்போம். சொந்த நிலமும் வீடும் கேட்போம். அவை வியர்வையின் கடன். ஆனால் ஓரிடத்திற் பிறந்து, அல்லது வந்து வாழ்ந்து, அங்கே பிள்ளைகளைப் பெற்று, அங்கே செத்தவர்களைப் புதைத்தவருக்கு அந்த இடம் உரியது என்பதற்கு விலைச்சீட்டு வேண்டியதில்லை.

தோட்டங்களில் விளையாடும் நம் இளைஞரிடையே இது வெகு இயல்பாக நடைமுறையில் உள்ளது. மேற்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் பந்தாட்டம் என்றால், மணமுடித்து வந்து கீழ்ப்பிரிவில் குடியிருக்கும் மருமகன் கீழ்ப்பிரிவுக்கே ஆடுவான். சித்திரையில் தாய்வீடு போனால் அங்குள்ள அணியிலும் ஆள் குறைந்தால் சேர்த்துக்கொள்வார்கள். கேலி உண்டு, விசாரணை இல்லை. பன்னாட்டு உதைபந்தாட்டச் சம்மேளனம் 1960களில் நாடு மாறி ஆடுவதைத் தடுத்து, 2020இல் சில வரம்புகளுக்குட்பட்டு அந்தத் தடையைத் தளர்த்தியது. விதி எழுதும் பெரியோர் அறுபதாண்டு சென்று வந்த வழியில் ஒரு பகுதியை நம் பையன்கள் நடந்தே கடந்திருக்கிறார்கள்.

அரசுகளோ வேறு விதமாகக் கணக்குப் போட்டன. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கொழும்புக்கும் டெல்லிக்கும் இடையே ஒப்பந்தமான ஸ்ரீமா – சாஸ்திரி உடன்படிக்கையில், நாடற்றவராக எண்ணப்பட்ட ஒன்பதே முக்கால் இலட்சம் மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரிக்கப்பட்டது. மிஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1974இல் அவர்களையும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். பங்கிடப்பட்டவர்களுள் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்குமாகப் போன குடும்பங்கள் புசல்லாவையைச் சுற்றி எத்தனையோ. தலைமன்னாருக்குக் கோச்சியேறி, இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறி, நீலகிரித் தேயிலையில் மறுபடி கூடை சுமந்தவர்களை அங்குள்ளோர் 'சிலோன்காரர்' என்றனர். இங்கே 'இந்தியாக்காரர்' என்று அழைக்கப்பட்டவர்கள் அவர்களே. இங்கே எஞ்சிய நாடற்றோர்க்கு 1988ஆம் ஆண்டுச் சட்டமும், இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் பிரஜாவுரிமை வழங்கின. 1948இலிருந்து எண்ணினால் ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

ரெனோல்ட்ஸின் கதையில் வதிவிடம் ஒரு கதவைத் திறந்தது, பிறப்பு மறு கதவைத் திறந்தது. மலையகத்தாருக்கு அதே இரண்டு விதிகளும் வேறு வகையில் வந்து வாய்த்தன. இங்கே அவர்கள் பிறந்ததும் வாழ்ந்ததும் போதாதென்று பாட்டனின் குருதி கேட்கப்பட்டது. அங்கே பாட்டனின் குருதி போதாதென்று, எந்த நாளில் எந்தத் தாளோடு கரை இறங்கினார்கள் என்று கேட்கப்பட்டது. 1983ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் தமிழகத்துக்கு ஓடிய அகதிகளுள் மலையக வம்சத்தவர் ஆயிரக்கணக்கில் இருந்தனர். இந்தியாவில் 2019ஆம் ஆண்டில் நிறைவேறிய பிரஜாவுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோரை மட்டுமே கருதிற்று. இலங்கையிலிருந்து போனோர் அதில் இடம்பெறவில்லை. அதே 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம், தங்கள் முன்னோர் தமிழகத்திற் பிறந்தவர்கள் என்று கூறிப் பிரஜாவுரிமை கேட்ட 65 பேரின் வழக்கில், அவர்களுடைய விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை மத்திய அரசைப் பணித்தது. அந்த 65 பேரும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அகதி முகாம்களில் வாழ்ந்தவர்கள். நீதிமன்றத்தின் முன் அவர்கள் வந்து நின்றபோது, சட்டத்தின் சொற்களில் அவர்களுக்கிருந்த பெயர் 'சட்டவிரோதக் குடியேறிகள்'.